கஸ்தூரி இல்லாத ஆள்

மனித நாகரிகத்தின் வரலாறு என்பது துர்நாற்றத்துக்கு எதிராக மனிதன் நடத்திவரும் இடையறாத போரின் வரலாறே. அந்தப் போரில் குடிமக்களின் மூக்குக்கும் உடலுக்கும் நிரந்தரக் காவலாக நிற்பது நறுமணப் பாதுகாப்பு வாரியம். இந்த வாசகத்தைப் பித்தளைத் தகட்டில் பொறித்து வாரியத்தின் தரைத்தளத்தில் பதித்திருக்கிறார்கள். தகட்டுக்குக் கீழே ஓர் அம்புக்குறி. அது கழிவறைக்கு வழி காட்டுகிறது. வருகிறவர்களில் பெரும்பாலோர் அம்புக்குறியை மட்டும்தான் பார்க்கிறார்கள். வாரியத்தில் அவர்களுக்குக் கிடைக்கிற ஒரே தெளிவான பதில் அதுதான்.

இந்தக் கட்டடத்தின் லிப்ட் அடிக்கடி நின்றுபோகும். காரணம் எல்லோருக்கும் தெரியும். லிப்டின் கூரையில் வெள்ளைப் பெட்டி ஒன்று இருக்கிறது. கதவு மூடும்போதெல்லாம் அது புஸ்ஸென்று வாசனை அடிக்கும். சோப்புத் தயாரிப்பாளர் சங்கம் அன்பளிப்பாகக் கொடுத்தது. அந்த ஈரம் கதவின் சென்சாரில் படிந்து பிசுபிசுத்துப்போய், கதவுக்கு நடுவில் ஆள் நிற்பதாக லிப்ட் நம்பிவிடும். யாருமில்லாத இடத்தில் யாரோ நிற்பதாக நம்பி வேலையை நிறுத்திவிடுவது அந்தக் கட்டடத்தில் லிப்டுக்கு மட்டும் உள்ள பழக்கமல்ல என்பதால் யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

"அந்தப் பெட்டியக் கழட்டிட்டா லிப்ட் ஒழுங்கா ஓடும் சார்" என்று லிப்ட் மெக்கானிக் பலமுறை சொல்லியிருக்கிறார்.

"வாரியத்தோட லிப்ட்ல வாசனை இல்லாமயா?" என்று நிர்வாக அலுவலர் பதறிவிடுவார். "வெளிய தெரிஞ்சா என்ன நினைப்பாங்க?"

ஆகவே வாரம் தவறாமல் மெக்கானிக் வருவார், சென்சாரைத் துடைப்பார், தும்முவார், போவார். வாரியத்துக்கும் அவருக்கும் இருந்த உறவு அவ்வளவுதான். அவருக்கு ஒரு மகள் பிறக்கும்வரை.

மெக்கானிக்கின் மனைவி ஒரு பெரிய சலவை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். ஓட்டல் படுக்கை விரிப்புகளும் ஆஸ்பத்திரித் திரைகளும் மலைமலையாக வந்து விழும் இடம். துணி மடிக்கிற வேகத்துக்காக அங்கே அவளுக்கு ராக்கெட் என்று பெயர். அவள் நிற்பது சாஃப்ட்னர் அறையில். துவைத்த துணிக்குக் கடைசியாக ஊற்றுகிற வாசனைத் திரவம் அங்கே பீப்பாய் பீப்பாயாக இருக்கும். ஜன்னல் கிடையாது, காற்று வந்தால் வாசனை போய்விடும் என்று முதலாளி அடைத்துவிட்டார். அந்த வாசனை அவளோடு பஸ் ஏறி வீட்டுக்கு வரும். தலையணையில் இருக்கும், சோற்றுக் கரண்டியில் இருக்கும். பிரசவ விடுமுறையில் இருந்தபோதும் முற்றிலும் போகவில்லை. பிறந்த குழந்தையின் உச்சந்தலையை முகர்ந்து பார்த்த மெக்கானிக், "என்னம்மா இது, ஓட்டல் ரூம் மாதிரி வாசனை வருது?" என்றார்.

தடுப்பூசி போடப் போன இடத்தில் நர்ஸும் அதையேதான் கேட்டாள். விவரம் சொன்னதும், இந்த வாசனைகளில் தொழிற்சாலையில் செய்கிற கஸ்தூரி இருக்கிறது, அது சீக்கிரத்தில் உடம்பை விட்டுப் போகாது, கொழுப்பில் தங்கும், தாய்ப்பாலில்கூடப் பார்த்திருக்கிறார்கள் என்றாள். அதனால் என்ன ஆகும் என்பது இன்னும் சரியாகத் தெரியாது என்றும் சொன்னாள். "பாலை மட்டும் நிறுத்திடாதீங்க. அதுதான் புள்ளைக்கு நல்லது. முடிஞ்சா அந்த ரூம்ல இருந்து வேற எடத்துக்கு மாத்திக் கேளுங்க."

மாற்றம் ஒன்றும் பெரிய விஷயமல்ல. கிழிந்த விரிப்புகளைத் தைக்கிற பிரிவில் இடம் காலியாகவே இருந்தது. சூப்பர்வைசரும் கெட்டவர் அல்ல, பயந்தவர், அவ்வளவுதான்.

"உன்ன மாத்துறதுல எனக்கு என்னம்மா கஷ்டம்? ஆனா இன்னிக்கு நீ வாசனைன்னு சொல்லுவ, நாளைக்கு அத்தனை பேரும் வாசனைன்னு வந்து நிப்பாங்க. வாரியம் ஒரு வார்த்தை சொல்லட்டும். 'கைக்குழந்தைக்காரி அங்க நிக்க வேணாம்'னு ஒரே வார்த்தை. அன்னிக்கே மாத்திடறேன்."

விடுமுறை முடியப்போகிறது. அதற்குள் அந்த ஒரு வார்த்தை வேண்டும்.

"ஏங்க, நீங்கதான் வாராவாரம் அங்க போறீங்களே. கேட்டுட்டு வரக் கூடாதா?" என்றாள்.

"நான் லிப்டப் பாக்கப் போறேன்மா. எனக்கு அங்க லிப்ட மட்டும்தான் தெரியும்."

"அப்ப லிப்டுகிட்டயே கேட்டுட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு அவள் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

வாரியத்தின் துணை இயக்குநர் எளிமையானவர் என்று பெயர் எடுத்தவர். அதாவது, பார்க்க வருகிறவர்களை உட்காரச் சொல்வார். மேசை மேல் குட்டிக் குட்டியாகப் புட்டிகள் நின்றன. பேசத் தொடங்குமுன் ஒரு புட்டியை எடுத்து மணிக்கட்டில் அடித்துக்கொண்டார். சிலர் கண்ணாடி போட்டுக்கொள்வதைப் போல.

"சார், என் வீட்டுக்காரி லாண்டரில வேலை பாக்கறா. கைக்குழந்தை இருக்கு."

"வாழ்த்துகள்."

"சாஃப்ட்னர் ரூம்ல நிக்கறா சார். அதுல கஸ்தூரி இருக்காம். அங்க நிக்கலாமா வேணாமான்னு..."

"ஆபத்துன்னு சொல்ல வர்றீங்களா?"

"இல்ல சார், கேக்கறேன்."

"கேக்கறதுலதான் தம்பி எல்லாம் ஆரம்பிக்குது. கேள்வில இருந்து சந்தேகம் வரும், சந்தேகத்துல இருந்து பயம் வரும், பயத்துல இருந்து விற்பனை..." சற்று நிறுத்தினார். "உடல்நலம் கெடும்."

மெக்கானிக்குக்குக் குற்ற உணர்ச்சி வந்துவிட்டது. துணை இயக்குநர் அதைப் பார்த்து மனமிரங்கி விளக்கம் சொல்ல ஆரம்பித்தார்.

"அந்தக் காலத்துல கஸ்தூரி வேணும்னா மானைக் கொல்லணும். பாவம் இல்லையா? இப்ப தொழிற்சாலைலயே செஞ்சிடறாங்க. இது வந்ததுல இருந்து இதுவரைக்கும் ஒரு மான்கூட நம்மகிட்ட புகார் கொடுக்கல."

"மனுஷங்க?"

"மனுஷங்க எல்லாத்துக்கும் புகார் கொடுப்பாங்க."

மெக்கானிக் சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டுத் தாளை எடுத்தார். சாஃப்ட்னர் பீப்பாயில் ஒட்டியிருந்ததை, இடமாற்றம் கேட்கப் போன அன்று மனைவி கிழித்துக்கொண்டு வந்தது. உள்ளே என்னென்ன இருக்கிறது என்று அச்சடித்திருந்த இடத்தில் கடைசியாக 'வாசனை' என்று ஒரே ஒரு சொல் இருந்தது.

"இந்த வாசனைங்கிறதுக்குள்ள என்னென்ன சார் இருக்கு?"

"அது கம்பெனியோட ரகசியம்."

"வாரியத்துக்காவது தெரியுமா சார்?"

துணை இயக்குநர் புண்பட்டவர் போலப் பார்த்தார். "ரகசியத்தை மதிக்கறது வாரியத்தோட கடமை. நாங்க தெரிஞ்சுகிட்டா அப்புறம் அது என்ன ரகசியம்?"

வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்பதால், வாரியம் எவ்வளவு கண்டிப்பாகப் பரிசோதிக்கிறது என்று காட்ட முகர்வுக் குழுவின் அறைக்கு அழைத்துப்போனார்.

முகர்வுக் குழு என்பது வாரியத்தின் இதயம். நீண்ட மேசையைச் சுற்றி வெள்ளைக் கோட்டுப் போட்ட பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் வேறு வேறு துறைகளில் ஓய்வு பெற்றவர்கள். மூக்கு மட்டும் ஓய்வு பெறவில்லை என்று அரசு கருதியதால் இங்கே நியமனம். ஆளுக்கொரு காகிதக் குச்சி. குச்சியை வாசனையில் தோய்த்து முகர்வார்கள். யாரும் மயங்கி விழாவிட்டால் அந்தப் பொருள் பாதுகாப்பானது. வாரியம் தோன்றிய நாள் முதல் யாரும் மயங்கியதில்லை.

கஸ்தூரியின் குணம் ஒன்று உண்டு. நாள் முழுக்க அதிலேயே இருக்கிறவனின் மூக்கு கொஞ்ச நேரத்தில் அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிடும். முகர்வுக் குழுவினர் பல வருடங்களாக அதிலேயே இருக்கிறார்கள். ஆகவே எந்தக் குச்சியை நீட்டினாலும் முகர்ந்துவிட்டு, "மணம் ஒன்றும் இல்லை. மணம் இல்லாத இடத்தில் ஆபத்து எங்கிருந்து வரும்?" என்று தீர்ப்பு சொன்னார்கள். அறையின் மூலையில் ஓர் உறுப்பினரின் சாப்பாட்டு டப்பா திறந்திருந்தது. அது நேற்றே கெட்டுப்போயிருந்தது. அதை உணர்ந்தவர் மெக்கானிக் மட்டும்தான். உறுப்பினர் மதியம் அதைச் சாப்பிட்டார். மறுநாள் அவர் வரவில்லை. அதற்கும் கஸ்தூரிக்கும் சம்பந்தம் இல்லை என்று குழு அன்றே முடிவெடுத்தது.

"பாத்தீங்களா, எவ்வளவு கண்டிப்பு!" என்றார் துணை இயக்குநர்.

"பாத்தேன் சார். அந்த ஒரு வார்த்தை..."

"சரி, உங்க திருப்திக்கு ஒண்ணு செய்யலாம். வீட்டம்மா பாலைக் கொஞ்சம் கொண்டுவாங்க. ஆய்வகத்துல பாத்துடலாம். அறிவியலுக்கு முன்னால எல்லாரும் சமம்."

பால் வந்தது. மெக்கானிக்கின் கருவிப் பையில், ஸ்பானர்களுக்கும் கிரீஸ் டப்பாவுக்கும் நடுவே, ஈரத் துண்டில் சுற்றிய சின்னப் பாட்டிலில். ஆய்வகத்தில் ஒரே ஒரு அம்மாள் இருந்தார். எல்லோருக்கும் அக்கா. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு அதையே தேடுகிறவர். வாரியத்தில் வேலை தெரிந்தவர் என்று சந்தேகிக்கப்பட்டவர். அதனால்தானோ என்னவோ, அவருடைய அறை அடித்தளத்தில், ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் இருந்தது.

முடிவு கேட்கப் போனபோது அக்கா தலையில் கை வைத்துக்கொண்டிருந்தார்.

"என்னக்கா, நிறைய இருக்கா?"

"இருக்குப்பா. ஆனா பால்ல எவ்வளவுன்னு சொல்லணும்னா பக்கத்துல ஒரு வெறும் பாட்டிலையும் வெச்சுப் பாக்கணும். அதுல ஒண்ணும் இருக்கக் கூடாது. அதுதான் முறை. அந்த வெறும் பாட்டில்ல உங்க வீட்டம்மா பால்ல இருக்கறதவிட ஜாஸ்தி இருக்கு."

"வெறும் பாட்டில்லயா?"

"ஆமா. இந்த ரூம்ல ஸ்பிரே அடிச்சுகிட்டே இருக்கு, தரைக்கு வாசனை லோஷன், என் கோட்டத் துவைக்கறது உங்க வீட்டம்மா லாண்டரியாத்தான் இருக்கும். பாட்டிலக் கழுவிப் பாத்தேன். கழுவற லிக்விட்ல ரோஜா வாசனை. வாசனை இல்லாத லிக்விட் கேட்டேன். 'நம்ம வாரியத்துல இருந்துகிட்டே அப்படிக் கேக்கலாமா'ன்னு ஒரு மணி நேரம் அறிவுரை."

"இப்ப என்ன பண்றது?"

"வெறும் பாட்டில்ல இருக்கறதக் கழிச்சிட்டுத்தான் சொல்லணும். கழிச்சா உங்க வீட்டம்மா பால் மைனஸ்ல போகுது."

"மைனஸ்னா நல்லதாக்கா, கெட்டதா?"

"அர்த்தம் இல்லாதது. 'இது செல்லாது, நல்ல ரூம் குடுங்க, திரும்பப் பாக்கறேன்'னு மேல சொல்லிட்டேன். அவங்க அத எப்படிப் புரிஞ்சுக்குவாங்களோ, தெரியல."

மேலே அதைப் பேரானந்தமாகப் புரிந்துகொண்டார்கள். அர்த்தமில்லாத ஒன்றுக்கு அர்த்தம் கண்டுபிடிப்பதில் வாரியத்துக்கு நீண்ட அனுபவம். பூஜ்யத்துக்கும் கீழே போகிறது என்றால் என்ன? அந்தப் பாலில் கஸ்தூரி இல்லை என்பது மட்டுமல்ல. அக்கம்பக்கத்தில் இருக்கிற கஸ்தூரியையும் அது குறைக்கிறது! தாய்ப்பாலின் தூய்மைப்படுத்தும் ஆற்றலை வாரியம் கண்டறிந்தது என்று செய்தி போயிற்று. துணை இயக்குநர் தொலைக்காட்சியில் தோன்றி, தாய்மையின் மகத்துவம் பற்றிப் பேசும்போது கண்கலங்கினார். மணிக்கட்டால் துடைத்துக்கொண்டதால் கண் இன்னும் கொஞ்சம் கலங்கியது.

மெக்கானிக்கின் மனைவியை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். கையில் பெரிய கூடை ஒன்றைக் கொடுத்தார்கள். சோப்பு, ஷாம்பு, பவுடர், குழந்தைக்கென்று தனியாக நீலநிறப் புட்டியில் சாஃப்ட்னர். வீடு வரும்வரை குழந்தை தும்மிக்கொண்டே வந்தது.

"கேட்டது ரூம் மாத்தறதுக்கு ஒரு வார்த்தை" என்றாள் அவள், கூடையை வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு. "குடுத்தது கூடை நிறைய அதே சரக்கு. இது என்ன ஆபீஸுங்க?"

"பெரிய ஆபீஸும்மா. நம்ம அளவுக்குச் சின்னதா யோசிக்கத் தெரியல போல."

சூப்பர்வைசர் தொலைக்காட்சி பார்த்திருந்தார். போன் செய்தபோது குரலில் மரியாதை கூடியிருந்தது. "அம்மா, உன் பால் காத்தையே சுத்தம் பண்ணுதாமே! அப்ப நீ அந்த ரூம்லயே நின்னாத்தான் மத்தவங்களுக்கும் நல்லது. முதலாளிகூட அதத்தான் சொல்றாரு."

விடுமுறையை இன்னும் கொஞ்சம் நீட்டித் தரச் சொல்லிக் கெஞ்சினாள். கடைசி முறை என்று சொல்லித் தந்தார்கள்.

அப்புறம் நடந்தது லிப்டின் குற்றம். ஒரு நாள் காலை துணை இயக்குநர் தனியாக ஏறினார். கதவு மூடியது. வெள்ளைப் பெட்டி புஸ்ஸென்று அடித்தது. அன்றைக்கு அதன் முனை மாட்டிக்கொண்டது. அடிப்பதை நிறுத்தவில்லை. லிப்ட் வழக்கம்போல யாரோ நிற்பதாக நம்பி, இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றது.

மெக்கானிக் வந்து சேர்ந்தபோது ஊழியர்கள் எல்லோரும் மாடிப்படியில் கூடியிருந்தார்கள். உள்ளிருந்து கதவை உதைக்கும் சத்தம் கேட்டது.

"திறடா! எவன்டா அங்க! கண்ணு எரியுது! மூச்சு முட்டுது!"

"சார், நான்தான், மெக்கானிக். பிரேக்கைக் கையால விட்டு இறக்கணும். கொஞ்சம் பொறுத்துக்கங்க."

"பொறுக்கவா? செத்துடுவேன்டா! இந்தக் கருமத்த நிறுத்து முதல்ல!"

மெக்கானிக் கிண்டலாகச் சொல்லவில்லை. ஆறுதல் சொல்வதாகத்தான் நினைத்தார். "பயப்படாதீங்க சார். இது நம்ம வாரியம் பாஸ் பண்ண வாசனைதான்."

"பாஸ் பண்ணது வெளியாளுங்களுக்குடா!" என்று உள்ளிருந்து அலறல் வந்தது.

மாடிப்படியில் யாரோ இருமுவதுபோலச் சிரித்தார்கள்.

கதவு திறந்ததும் துணை இயக்குநர் வெளியே வந்தார். கண் மிளகாய்ப் பழமாக இருந்தது. கூட்டத்தைப் பார்த்தார். கோட்டைச் சரிசெய்துகொண்டார். "அடர்த்தியான நறுமணச் சூழலில் மனித உடல் எவ்வாறு இயங்குகிறது என்பதை நானே நேரடியாக ஆராய்ந்தேன். பாதகமான விளைவு எதுவும் இல்லை" என்று அறிவித்துவிட்டு, பக்கத்திலிருந்த பூந்தொட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நீண்ட நேரம் குனிந்திருந்தார்.

பிறகு மெக்கானிக்கைத் தனியாகக் கூப்பிட்டார். குரல் தழைந்திருந்தது.

"தம்பி, உள்ள நான் ஏதோ சொன்னேன்னு..."

"என்ன சார்?"

"ஒண்ணும் இல்ல. நீ நல்லவன். உன் வீட்டம்மா விஷயத்தத் தலைவர்கிட்டயே சொல்லிடறேன். திறந்த அமர்வுக்கு வரச் சொல்லு. அவரே முடிவு சொல்லட்டும்."

மெக்கானிக் அன்று வீட்டுக்கு விசிலடித்துக்கொண்டு போனார்.

திறந்த அமர்வு நடந்த மண்டபத்தின் கதவுகள் மூடியிருந்தன. மேடையின் நடுவில் தலைவர் அமர்ந்திருந்தார். நெடிய மனிதர், தூய வெள்ளை உடை, எதையும் அவசரப்பட்டுச் சொல்லாதவர். அவர் பேசி முடிப்பதற்குள் பல பிரச்சினைகள் தாமாகவே முடிந்துவிட்டிருக்கின்றன என்பதால் அவருக்கு ஞானி என்றொரு பெயர் உண்டு.

"நறுமணம் என்பது மனிதனின் உரிமை" என்று தலைவர் தொடங்கினார். "அந்த உரிமையைச் சந்தேகிப்பவர்களை நாம் வெறுக்கவில்லை. அவர்களுக்கு விளக்குகிறோம். விளங்காதவர்களுக்கு மறுபடியும் விளக்குகிறோம். நம் பணியே அதுதான். பொருளைப் பரிசோதிப்பது எளிது. மக்களின் நம்பிக்கையைப் பாதுகாப்பதுதான் கடினம். எது எளிதோ அதில் காலத்தை வீணாக்காமல், கடினமானதையே இந்த வாரியம் தொடக்கம் முதல் செய்துவருகிறது என்பதில் எனக்குப் பெருமை."

கைதட்டல்.

மெக்கானிக்கின் மனைவி குழந்தையோடு எழுந்தாள். முன்வரிசையில் இருந்த யாரோ பவுடர் வாசனைக் கைக்குட்டையை ஆட்டி அவளை உட்காரச் சொன்னார்கள். அவள் உட்காரவில்லை.

"ஐயா, எனக்கு ஒரே கேள்விதான். கைக்குழந்தைய வெச்சுகிட்டு அந்த ரூம்ல நிக்கலாமா, கூடாதா?"

"அம்மா" என்றார் தலைவர் கனிவோடு. "அறிவியல்ல ஆமா, இல்லைன்னு பதில் கிடையாது. இன்னும் பாக்கணும்ங்கறதுதான் பதில்."

"சரிங்கய்யா, பாருங்க. பாத்து முடிக்கிறவரைக்கும் நான் எங்க நிக்கிறது?"

தலைவர் யோசித்தார்.

"நிக்கிற இடம் தொழிலாளர் துறையோட விஷயம்."

"என்னைத் தையல் பிரிவுக்கு மாத்தச் சொல்லி ஒரு வார்த்தை போதுங்கய்யா. யாருக்கும் நஷ்டம் இல்ல. அங்க எடம் காலியாத்தான் கெடக்கு."

"நான் அந்த வார்த்தைய உங்களுக்காகச் சொல்லலாம். ஆனா அத நாடே கேக்குமே! பாதுகாப்புன்னு ஒரு வார்த்தை சொன்னா ஆபத்துன்னு ஒண்ணு இருக்கறதா ஆகிடும். ஆபத்து இருக்கறதா ஆனா இத்தனை காலம் வாரியம் என்ன செஞ்சுதுன்னு கேப்பாங்க. உங்க ஒரு ஆள் சௌகரியத்துக்காக ஒரு நிறுவனத்த அந்த நிலைமைக்குத் தள்ளலாமா? நீங்களே சொல்லுங்க."

அவளுக்குப் பதிலாகக் குழந்தை சொன்னது, மண்டபம் அதிர அழுதது. ஒலிபெருக்கியை அணைத்தார்கள்.

தலைவர் எழுந்து நின்று தீர்வை அறிவித்தார். எவ்வளவு கஸ்தூரி அதிகம் என்று தெரிய வேண்டுமானால், கஸ்தூரியே இல்லாத உடம்பு எப்படி இருக்கும் என்று முதலில் தெரிய வேண்டும். ஆகவே அறவே கஸ்தூரி இல்லாத ஒரு மனிதரை வாரியம் தேடிக் கண்டுபிடிக்கும். அவரோடு இந்த அம்மாளை ஒப்பிட்டுப் பார்த்துத் தீர்ப்பு சொல்லும். முன்மாதிரியாக, வாரியத்தினர் அனைவரும் முதலில் இரத்தம் தருவார்கள். சொன்னதோடு நிற்காமல் தலைவர் தன் சட்டைக் கையை மடித்தார். கேமராக்கள் மின்னின. அக்கா வந்து ஊசியைக் குத்தினார். மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது.

தேடல் தொடங்கியது. மலைக்காட்டில் ஆடு மேய்க்கிற ஒருவரைப் பிடித்தார்கள். சோப்பு என்பதையே அறியாத புண்ணியவான். ஆனால் அரசு விருந்தினரை ஆட்டு நாற்றத்தோடு தலைவர் முன் நிறுத்த முடியுமா? நல்ல ஓட்டலில் தங்கவைத்து, சந்தன சோப்பு போட்டுக் குளிப்பாட்டி, சலவை விரிப்பில் சில வாரம் தூங்கவைத்து, வாசனை எண்ணெய் தேய்த்து, அதன் பிறகே இரத்தம் எடுத்தார்கள். கஸ்தூரி இருந்தது. அவர் ஆடுகளிடம் திரும்பிப் போனபோது ஆடுகள் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை என்று கேள்வி.

அடுத்து ஒரு துறவி. உலகத்தைத் துறந்தவர். பக்தர்கள் கொடுத்த ஊதுபத்தியையும் ஷாம்புவையும் துறக்கவில்லை. இத்தனைக்கும் அவர் மொட்டைத் தலை. ஏன் என்று கேட்டதற்கு, "பழக்கம்" என்றார். அப்புறம் ஒரு மீனவர், ஒரு கைதி, பாலைவனத்தில் எண்ணெய்க் கிணறு தோண்டுகிறவர். எல்லோரிடமும் இருந்தது. முகர்வுக் குழுவினரின் இரத்தத்தைப் பார்த்தபோது கருவியே முதலில் நம்பவில்லை, நின்றுவிட்டது.

இதற்குள் மெக்கானிக்கின் மனைவியின் கடைசி விடுமுறையும் முடிந்துவிட்டது.

வாரியம் தீர்ப்பை வெளியிட்டது. கஸ்தூரி இல்லாத மனிதர் என்று எவரும் இல்லை. எல்லோரிடமும் இருப்பது எதுவோ அதுவே இயற்கை. இயற்கையான ஒன்றை ஆபத்து என்று கருத முடியாது. ஆகவே மேற்படிப் பெண்ணை இடம் மாற்ற வேண்டிய தேவை எழவில்லை. ஆராய்ச்சிக்கு ஒத்துழைத்தமைக்கு வாரியம் அவருக்கு இன்னொரு கூடை அனுப்பிவைக்கும்.

"வாரியமே சொல்லிடுச்சும்மா, இனி நான் என்ன பண்ண முடியும்?" என்றார் சூப்பர்வைசர். அவர் குரலில் நிஜமான வருத்தம் இருந்தது. பயந்தவர்கள் வருத்தப்படுவதில் குறை வைப்பதில்லை. "திங்கட்கிழமை அதே ரூம்தான்."

"நீங்க வேற ராக்கெட்ட அங்க விட்டுக்கங்க" என்று அவள் போனை வைத்தாள்.

மெக்கானிக் மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு அவளையே பார்த்தார். "யோசிச்சுத்தான் சொன்னியா?"

"எனக்குத் துணி மடிக்கறது பிடிக்கும்ங்க. அந்த எடத்துல என்னளவுக்கு மடிக்க ஆள் கெடையாது." மூக்கை உறிஞ்சினாள். "புள்ளையக் குடுங்க, பசிக்குது அதுக்கு. நீங்க இன்னும் ரெண்டு கட்டடத்து லிப்ட சேத்துப் பாருங்க."

"பாக்கறேன்."

"அந்தக் கட்டடத்த விட்டுடுங்க."

"ஒப்பந்தம் இருக்கும்மா. முடியறவரைக்கும் போயாகணும்."

அடுத்த வாரம் போனார். லிப்ட் நின்றிருந்தது. சென்சாரைத் துடைத்தார், தும்மினார். ஓட்டிப் பார்க்க அடித்தளத்துக்கு இறக்கியபோது ஆய்வகத்து அக்கா ஏறினார். கையில் பெட்டி படுக்கை போல அட்டைப்பெட்டிகள். அவரை நூலகத்துக்கு மாற்றிவிட்டார்களாம். வாரியத்தில் நூலகம் கிடையாது, கட்டியதும் சொல்வார்கள்.

"உங்க வீட்டம்மா எப்படி இருக்காங்க?"

"வேலைய விட்டுட்டா அக்கா. கஸ்தூரி இல்லாத ஒரு ஆள் கெடச்சிருந்தா ஒருவேளை..."

"கெடச்சாரு" என்றார் அக்கா.

கதவு மூடியது. பெட்டி புஸ்ஸென்றது. இருவரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

"என்னக்கா சொல்றீங்க? யாரு?"

அக்கா ஆள்காட்டி விரலை மேல்நோக்கிக் காட்டினார். அங்கே வெள்ளைப் பெட்டிதான் இருந்தது. பிறகுதான் மெக்கானிக்குக்குப் புரிந்தது, அக்கா காட்டுவது பெட்டியை அல்ல, தலைவரின் அறை இருக்கிற கடைசி மாடியை என்று.

"தலைவரா?"

"கருவி தப்புன்னு சொன்னாங்க. திரும்ப ஓட்டினேன். ஒண்ணும் இல்ல. புது ஊசி வெச்சு எடுக்கச் சொன்னாங்க, எடுத்தேன். அப்பவும் ஒண்ணும் இல்ல. இந்தக் கட்டடத்துலயே சுத்தமான ரத்தம் அவரு ஒருத்தருக்குத்தான். அந்தக் குழாய மட்டும் கணக்குல சேக்க வேணாம்னுட்டாங்க."

"அது எப்படிக்கா? இத்தனை வாசனைக்குத் தலைவரே அவருதானே?"

"இங்க எங்க வர்றாரு அவரு? மாசத்துக்கு ஒரு தடவ கூட்டத்துக்கு வருவாரு, பேசுவாரு, போவாரு. மிச்ச நேரமெல்லாம் வீடுதான்."

"வீட்டுல?"

தலைவர் வீட்டு வேலைக்காரப் பெண்ணிடம் அக்கா விசாரித்திருந்தார். தலைவரின் மருமகளுக்கு மூன்று குழந்தைகள். மூத்தவன் தாய்ப்பால் குடிக்க ஆரம்பித்த நாளிலிருந்து அந்த வீட்டுக்குள் வாசனை போட்ட எந்தப் பொருளையும் விடுவதில்லை. தலைவரின் உத்தரவு.